வெளியூர் போகலாமா என்று கேட்டால்

மார்கழி பிறந்துவிட்டால் எங்கள் வெளிநோயாளர் பிரிவில் ஒரு கேள்வி அடிக்கடி எழும். ஆலோசனை முடிந்து, மருந்துச் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, நாற்காலியை விட்டு எழுந்த பிறகே அந்தக் கேள்வி வரும். "டாக்டர், பொங்கல் லீவுல ரெண்டு நாள் வெளியூர் போயிட்டு வரலாமா?" கேட்பவர் பெரும்பாலும் நோயாளி அல்லர், அவரது மகனோ மகளோதான். நோயாளி கதவருகே நின்று, என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

பல ஆண்டுகளாக நான் அளித்துவந்த பதில் இதுதான்: "இப்ப எதுக்கு அலைச்சல்? வீட்டுல நல்லா ஓய்வெடுக்கட்டும்." இதைச் சொல்ல எனக்குப் பத்து விநாடி போதும். வெளியே இன்னும் நாற்பது பேர் காத்திருக்கும்போது பத்து விநாடியில் முடிகிற பதில் மருத்துவருக்கு வசதியானது. அந்தப் பதிலால் யாரும் இறந்துபோக மாட்டார்கள். யாரும் என்னைக் குறைகூறவும் மாட்டார்கள். ஆனால் அதை மருத்துவ ஆலோசனை என்று நான் இனி சொல்ல மாட்டேன். பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் ஒரு மரியாதையான வழி அது. இந்த முடிவுக்கு நான் வந்தது பாடநூல்களைப் படித்து அன்று. சென்ற தை மாதம் என் தாயாரை மைசூருக்கு அழைத்துச் சென்று வந்ததிலிருந்துதான்.

அம்மாவுக்கு 71 வயது. மூன்று ஆண்டுகளுக்கு முன் மாரடைப்பு வந்தது. அதன்பின் இதயத்தின் பம்பு செய்யும் வலிமை குறைந்துவிட்டது. இதை 'இதயச் செயலிழப்பு' என்கிறோம். பெயர் கேட்பவரைப் பயமுறுத்தும். உண்மையில் இதயம் நின்றுவிட்டது என்று பொருளில்லை, உடலின் தேவைக்கு ஈடுகொடுக்க முடியாமல் தளர்ந்திருக்கிறது என்றே பொருள். காலையில் ஐந்து மாத்திரைகள். அவற்றுள் ஒன்று பியூரோசிமைடு என்னும் நீர் மாத்திரை. அவருக்குச் சிகிச்சை அளிப்பவர் என் நண்பரான இதயநோய் நிபுணர். சொந்தத் தாய்க்கு நானே மருத்துவம் பார்ப்பதில்லை என்று முன்பே முடிவெடுத்திருந்தேன். அந்த முடிவு எவ்வளவு சரியானது என்பதைப் பயணம் காட்டிக் கொடுத்தது.

சனி, ஞாயிறு, பொங்கல் விடுமுறைத் திங்கள் என மூன்று நாள். வந்தே பாரத் ரயிலில் சென்னையிலிருந்து மைசூருக்கு ஏறத்தாழ ஆறரை மணி நேரம்தான். ஊட்டி கொடைக்கானல் என்று போகாமல் மைசூரைத் தேர்ந்தெடுத்ததற்கு மருத்துவக் காரணம் இருந்தது. ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, குளிரும் கடுமை. மைசூர் ஏறத்தாழ 770 மீட்டர்தான். தை மாத அதிகாலையில் 15, 16 டிகிரி அளவில் இருக்கும், பகலில் இதமான வெயில். தளர்ந்த இதயத்துக்கு அது தாங்கக்கூடிய ஊர். ரத்த அழுத்தக் கருவி, விரலில் மாட்டும் ஆக்சிஜன் மானி, கம்பளிக் குல்லாய், காலுறை என எல்லாவற்றையும் எடுத்துவைத்தேன். பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலையும் நானே தயாரித்தேன்: அரண்மனை, சாமுண்டி மலை, விலங்கியல் பூங்கா, ஸ்ரீரங்கப்பட்டணம், சோமநாதபுரம், தேவராஜா சந்தை, ஞாயிறு மாலை அரண்மனை விளக்கலங்காரம். பிருந்தாவனத் தோட்டத்தை மட்டும் அடித்துவிட்டேன், படிகள் அதிகம். பட்டியலைப் படித்துக் காட்டியபோது அம்மா, "நீ பாத்து முடிவு பண்ணு தம்பி" என்றார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை பிற்பகலில் அரண்மனைக்குப் போனோம். பழைய மர அரண்மனை 1897-இல் தீக்கிரையான பிறகு, ஹென்றி இர்வின் வடிவமைத்து 1912-இல் கட்டி முடிக்கப்பட்டது இப்போதைய அரண்மனை. நம் சென்னை உயர் நீதிமன்றக் கட்டடப் பணியிலும் பங்கு கொண்டவர் அவர். மாடங்களையும் வளைவுகளையும் பார்த்தவுடன் அந்த உறவு தெரிந்துவிடும். கல்யாண மண்டபத்தின் வண்ணக் கண்ணாடிக் கூரையில் மயில்கள். சுவர்களில் தசரா ஊர்வலம் ஓவியமாக நீண்டு செல்கிறது. அம்மா ஓவியத்தில் இருந்த யானைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். காலணிகளை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். நீரிழிவு நோயாளிகள் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும்: பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் தடித்த, சுத்தமான காலுறை அணிந்து செல்லுங்கள், இரவு அறைக்குத் திரும்பியதும் துணைக்கு வந்தவர் பாதத்தின் அடியை விளக்கு வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்துவிடட்டும்.

மாடிக்குச் செல்லும் படிகளில் அம்மா இரண்டு முறை நின்றார். கூட்டம் பின்னாலிருந்து நெருக்கியது. "களைப்பா இருக்காம்மா?" என்றேன். "இல்ல, வேடிக்கை பாக்கறேன்" என்றார். அதையும் நம்பினேன்.

அன்றிரவு தங்கிய விடுதியில் அம்மா இரண்டு தலையணைகளுக்கு மேல் தன் சால்வையையும் மடித்து வைத்துப் படுத்தார். நடு இரவில் இருமினார். குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து எழுந்து சன்னலைச் சாத்தினேன். இந்த வரியை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. இரவில் தலையை உயர்த்திப் படுக்க வேண்டியிருக்கிறதா, படுத்தால் இருமல் வருகிறதா என்று ஆண்டுக்கு ஆயிரம் பேரிடமாவது கேட்கிற மருத்துவன் நான். அதே அறிகுறிகள் மூன்றடி தூரத்தில், இன்னொரு கட்டிலில் இருந்தபோது எனக்குத் தெரிந்தது சன்னல் மட்டும்தான். மகனாக இருக்கும்போது மருத்துவனின் கண் மூடிக்கொள்கிறது.

ஞாயிறு காலை சாமுண்டி மலை. ஆயிரம் படிகள் ஏறிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். நாங்கள் வாகனத்தில்தான் போனோம். ஒற்றைக் கல்லில் செதுக்கிய பெரிய நந்தியைப் பார்த்துவிட்டு மேலே சென்றோம். வண்டியை நிறுத்திய இடத்திலிருந்து கோயிலுக்கு நடக்கும் வழியில் அம்மா என் முழங்கையைப் பற்றிக்கொண்டு நின்றுவிட்டார். பேச முயன்றார், ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் முடிக்க முடியவில்லை. குனிந்து பார்த்தேன். செருப்பின் வார் பட்ட இடம் கணுக்காலில் பள்ளமாகப் பதிந்திருந்தது. விரலால் அழுத்தினேன், குழி விழுந்தது.

தரிசனத்தை விட்டுவிட்டு அறைக்குத் திரும்பினோம். ஆக்சிஜன் அளவு ஆபத்தான நிலையில் இல்லை. ரத்த அழுத்தமும் தாங்கக்கூடியதாகவே இருந்தது. அம்மாவைச் சாய்ந்து உட்காரவைத்து, மாத்திரைப் பெட்டியை வாங்கித் திறந்தேன். ஏழு நாள்களுக்கு ஏழு அறைகள் கொண்ட பெட்டி. நான் வாங்கிக் கொடுத்ததுதான். சனி அறையில் ஒரு மாத்திரை மீந்திருந்தது. ஞாயிறு அறையிலும் ஒன்று. மற்ற நான்கும் ஒழுங்காகச் சாப்பிடப்பட்டிருந்தன. மீந்திருந்தது நீர் மாத்திரை.

மறதியில் இப்படி நடக்காது. ஐந்தில் ஒன்றை மட்டும், அதுவும் இரண்டு நாளும் அதே ஒன்றை யாரும் மறப்பதில்லை. "ஏம்மா இதை மட்டும் போடல?" என்று கேட்டேன். குரலில் சற்றுக் கடுமை இருந்திருக்க வேண்டும். அம்மா உடனே பதில் சொல்லவில்லை. பிறகு, "அதைப் போட்டா பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் எந்திரிக்கணும். ரயில்ல கையால புடிச்சுக்கிட்டு உட்கார முடியல. போற எடத்துல எங்க இருக்கோ, எப்படி இருக்கோ. ஒவ்வொரு தடவையும் உங்கிட்ட கேட்டுக்கிட்டு நிக்கணுமா?" என்றார். கடைசி வாக்கியத்தை என்னைப் பார்க்காமல் சொன்னார். தண்ணீரும் அதே காரணத்துக்காக இரண்டு நாளாக மிகக் குறைவாகவே குடித்திருந்தார். ரயிலில் கொடுத்த ஊறுகாயையும், விடுதியில் பரிமாறிய அப்பளத்தையும் சாப்பிட்டிருந்தார். உப்பு உள்ளே போகிறது. நீரை வெளியேற்றும் மாத்திரை போகவில்லை. உடலில் நீர் தேங்குவதற்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

நண்பரைத் தொலைபேசியில் அழைத்தேன். அவர் அம்மாவிடமே நேரடியாகச் சில கேள்விகள் கேட்டார். அன்றைய மாத்திரையை உடனே போடச் சொன்னார். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, மாலைக்குள் குறையாவிட்டாலோ தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போகச் சொன்னார். மைசூரிலேயே இதயத்துக்கெனப் பெயர்பெற்ற ஜெயதேவா மருத்துவமனை இருக்கிறது. 108 அவசர ஊர்தி கர்நாடகத்திலும் உண்டு. இரண்டும் தேவைப்படவில்லை. பிற்பகல் மூன்று மணிக்குள் அம்மாவின் மூச்சு சீரானது. அன்றிரவு ஒரே தலையணையோடு தூங்கினார். நான்தான் தூங்கவில்லை.

இந்த நிகழ்ச்சியைக் கேட்ட உறவினர் ஒருவர், "அதுக்குத்தான் வயசானவங்களை அலைக்கழிக்கக் கூடாதுங்கறது" என்றார். என் பழைய பதில் அப்படியே என்னிடம் திரும்பி வந்தது. ஆனால் அவர் சொன்னது தவறு என்று உறுதியாகச் சொல்வேன். அம்மாவை மூச்சுத் திணற வைத்தது மைசூர் அல்ல, குளிர் அல்ல, படிகளும் அல்ல. யாரும் கேட்காத ஒரு கேள்வி. கழிவறைக்கு என்ன செய்வது என்ற கேள்வி.

வெளியே புறப்படும் நாளில் நீர் மாத்திரையைத் தவிர்ப்பது என் அம்மாவின் தனிப்பழக்கம் அன்று. திரும்பி வந்தபின் என் நோயாளிகளிடம் இதைச் சற்று வேறு விதமாகக் கேட்கத் தொடங்கினேன். "மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்டால் எல்லோரும் "ஆமாம்" என்பார்கள். "கல்யாணத்துக்கு, கோயிலுக்குப் போகிற அன்று நீர் மாத்திரையை என்ன செய்வீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். பெண்கள் முதலில் சிரிப்பார்கள்; பிறகு சொல்வார்கள். பேருந்தில் மூன்று மணி நேரம் அடக்கி வைத்த கதைகள் வரும். முந்தின நாள் இரவிலிருந்தே தண்ணீர் குடிக்காத கதைகள் வரும். ஆண்களும் சொல்கிறார்கள், புரோஸ்டேட் வீக்கம் உள்ளவர்கள் குறிப்பாக. மகன் எதிரில் தாயும், மகள் எதிரில் தந்தையும் இதைச் சொல்லத் தயங்குகிறார்கள். ஆகவே அந்தச் சில நிமிடங்கள் துணைக்கு வந்தவரை வெளியே இருக்கச் சொல்வது நல்லது என்பதையும் காலம் கடந்தே கற்றுக்கொண்டேன்.

இத்தனைக்கும் இந்தச் சிக்கலுக்குத் தீர்வு மிக எளிது. பியூரோசிமைடு மாத்திரையை விழுங்கினால் ஒரு மணி நேரத்துக்குள் வேலையைத் தொடங்கும். அடுத்த ஒன்றிரண்டு மணி நேரம் உச்சத்தில் இருக்கும். ஆறு முதல் எட்டு மணி நேரத்தில் அடங்கிவிடும். காலையில் போட வேண்டும் என்று நாங்கள் சொல்வது இரவுத் தூக்கம் கெடாதிருப்பதற்காகவே. காலை எட்டு மணிக்கு இதயத்தின்மீது தனிப் பாசம் எதுவும் அந்த மாத்திரைக்கு இல்லை. காலையில் ஊர் சுற்றிவிட்டு, நண்பகலில் அறைக்குத் திரும்பி மாத்திரையைப் போட்டுக்கொண்டு, பிற்பகலை அறையிலேயே கழிக்கலாம். பலருக்கு இப்படி நேரத்தை மாற்றிக்கொள்ள மருத்துவர் அனுமதிக்க முடியும். ஆனால் எல்லா நீர் மாத்திரைகளும் ஒரே மாதிரியானவை அல்ல. டோர்செமைடு இன்னும் நீண்ட நேரம் வேலை செய்யும், வேறு சில நாள் முழுவதும். சிலருக்கு ஒரு நாளில் இருவேளை தேவைப்படும். எனவே நேரத்தை மாற்றுவது உங்கள் மருத்துவரைக் கேட்டுச் செய்ய வேண்டியது; நீங்களாகவே நிறுத்துவது ஒருபோதும் கூடாதது. நேரத்தை மாற்றலாமா என்று கேட்பது உங்கள் உரிமை. அதைப் பற்றி நாங்களாகவே பேசாமலிருப்பது எங்கள் குறை.

கழிவறையை வைத்துப் பயணத்தைத் திட்டமிடுங்கள் என்று நான் சொல்லும்போது சிலர் முகம் சுளிக்கிறார்கள். வரலாற்றுச் சிறப்புமிக்க நகரத்துக்குப் போவதற்கு இதுவா தொடக்கம் என்று நினைக்கிறார்கள் போலும். ஆம், இதுதான் தொடக்கம். ரயிலில் கழிவறைக்கு அருகிலுள்ள இருக்கை. விடுதியில் தரைத்தள அறை அல்லது மின்தூக்கி, மேல்நாட்டுக் கழிவறை, கைப்பிடிக்க ஒரு கம்பி. பார்க்கப் போகும் இடத்தில் உட்கார நிழலான திண்ணை. முன்பதிவு செய்யும்போதே தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். நாங்கள் தங்கிய விடுதியில் மூன்று நட்சத்திரங்களும் பூச்செண்டு வரவேற்பும் இருந்தன. குளியலறையில் வழுக்கும் பளிங்கும், பிடித்துக்கொள்ள ஒரு துணி மாட்டும் கொக்கியும் மட்டுமே இருந்தன. பெரிய சுற்றுலாத் தலங்களில் சக்கர நாற்காலி கிடைக்கிறதா என்று நுழைவாயிலிலேயே கேளுங்கள். நடக்கக்கூடியவருக்குச் சக்கர நாற்காலியா என்று தயங்க வேண்டாம். நடப்பதற்கான வலிமையை வரிசையில் நின்று செலவழிக்காமல் ஓவியத்தைப் பார்க்கச் செலவழிக்கலாம்.

குளிரைப் பற்றியும் ஒரு வார்த்தை. குளிரில் தோலின் ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன, ரத்த அழுத்தம் ஏறுகிறது, இதயம் கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கிறது. ஆகவே இதயநோயாளிகளுக்கும் ஆஸ்துமா, நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்களுக்கும் அதிகாலைச் சுற்றுலா ஏற்றதல்ல. வெயில் ஏறி, ஒன்பது மணிக்கு மேல் புறப்பட்டால் போதும்; சூரியோதயப் படம் எடுப்பதை இளையவர்கள் தனியாகப் போய்ச் செய்துகொள்ளட்டும். இன்ஹேலர் எப்போதும் கைப்பையில் இருக்க வேண்டும், பெட்டியில் அல்ல. மாத்திரைகளை இரண்டு நாள் கூடுதலாக எடுத்துக்கொண்டு, மருந்துப் பட்டியலையும் கடைசி டிஸ்சார்ஜ் சுருக்கத்தையும் கைபேசியில் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். (எங்கள் கையெழுத்தை வேற்றூர் மருந்துக் கடைக்காரர் படிக்க வேண்டியிருக்கும் என்பதால் அச்சிட்ட பட்டியலாகக் கேட்டு வாங்குங்கள்.) நீண்ட பயணத்தில் ஒன்றரை, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து நாலு எட்டு நடக்கட்டும்.

போகவே கூடாத நேரங்களும் உண்டு. மருத்துவமனையிலிருந்து அண்மையில்தான் வீடு திரும்பியவர், படுத்தால் மூச்சு முட்டுகிறவர், கால் வீக்கம் கூடிக்கொண்டே வருபவர், மூன்று நாளில் இரண்டு கிலோவுக்கு மேல் எடை ஏறியவர், காய்ச்சல் உள்ளவர், மருந்துகள் இப்போதுதான் மாற்றப்பட்டவர் ஆகியோர் முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டும், பயணத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இவர்களுக்கு நான் இன்றும் "வேண்டாம்" என்றுதான் சொல்வேன். ஆனால் காரணத்தோடு சொல்வேன். எப்போது போகலாம் என்பதையும் சேர்த்துச் சொல்வேன். "வேண்டாம்" என்பதற்கும் "இப்போது வேண்டாம்" என்பதற்கும் கதவருகே நிற்பவரின் முகத்தில் தெரியும் வேறுபாட்டை நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இது மருத்துவருக்கன்று, பிள்ளைகளுக்கு. ஞாயிறு மாலை அறையில் உட்கார்ந்திருந்தபோது, என் பட்டியலில் மீதமிருந்த நான்கு இடங்களைக் கிழித்துப் போட்டுவிட்டு, அம்மாவிடம் கேட்டேன்: "நீங்க எதைப் பாக்கணும்னு நெனச்சு வந்தீங்க?" புறப்படுவதற்கு முன் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. அம்மா தயங்காமல், "கேஆர்எஸ்" என்றார்.

கிருஷ்ணராஜ சாகர். நான் திகைத்தேன். அம்மா தஞ்சைப் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். ஆண்டுதோறும் ஆனி, ஆடி மாதங்களில் அவர் வீட்டில் வானொலிச் செய்தி ஓடும்போது யாரும் பேசக் கூடாதாம். மேட்டூர் எத்தனை அடி, கிருஷ்ணராஜ சாகர் எத்தனை அடி என்பதைக் கேட்டுவிட்டுத்தான் தாத்தா நாற்றங்கால் விடுவதைப் பற்றி முடிவெடுப்பார். எழுபது ஆண்டுகளாகக் காதால் மட்டுமே கேட்ட அணை. அரண்மனை, மயில் கண்ணாடி, விலங்கியல் பூங்கா எதுவும் அம்மாவின் பட்டியலில் இல்லை. அணை இருக்கும் பிருந்தாவனத் தோட்டத்தைத்தான் நான் படிகள் அதிகமென்று அடித்திருந்தேன்.

எத்தனை வீடுகளில் இப்படி நடக்கிறதோ. பெற்றோரின் ஆசை இதுவாகத்தான் இருக்கும் என்று நாம் ஊகித்து, அந்த ஊகத்துக்குப் பயணச்சீட்டு எடுத்துவிடுகிறோம். அவர்கள் நம் உற்சாகத்தைக் கெடுக்க விரும்பாமல் உடன் வருகிறார்கள், களைப்பை "வேடிக்கை பாக்கறேன்" என்கிறார்கள், மாத்திரையை மறைக்கிறார்கள். அவர்களுக்காகப் போகும் பயணத்தில் அவர்களே நமக்குப் பாரமாகிவிடக் கூடாது என்று பயப்படுகிறார்கள். ஒரு நாளில் ஓர் இடம் போதும், அதுவும் அவர்கள் சொன்ன இடமாக இருக்கட்டும் என்பதே இப்போது என் கருத்து. ஞாயிறு மாலை ஏறத்தாழ ஒரு லட்சம் விளக்குகள் எரியும் அரண்மனை அலங்காரத்தை நாங்கள் பார்க்கவில்லை. அம்மா அதைப் பற்றி ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

திங்கள் காலை நண்பரிடம் மறுபடி பேசினேன். அம்மாவின் கால் வீக்கம் வடிந்திருந்தது, இரவு நன்றாகத் தூங்கியிருந்தார். போகலாம் என்றார், நீர் மாத்திரையைத் திரும்பி வந்து நண்பகலுக்கு முன் போட்டுக்கொள்ளட்டும், இரவு ரயிலுக்குள் அதன் வேலை அடங்கிவிடும் என்றார். மைசூரிலிருந்து அணைக்கு இருபது கிலோமீட்டருக்குள்தான். வெயில் ஏறிய பிறகு புறப்பட்டோம். படிகளுள்ள பக்கம் போகாமல், அணையின் சுவர் தெரிகிற இடத்தில் ஒரு சிமெண்ட் இருக்கையில் அம்மாவை உட்காரவைத்தேன்.

1911-இல் தொடங்கிக் கட்டப்பட்ட அணை. சிமெண்ட் இல்லாமல் சுர்க்கிச் சாந்து கொண்டு எழுப்பியது. நான் அதையெல்லாம் சொல்லத் தொடங்கினேன். அம்மாவின் காதில் விழவில்லை. "முழு மட்டம் நூத்தி இருபத்தி நாலு புள்ளி எட்டு அடி" என்று தானாகவே சொன்னார். வெகுநேரம் அந்தக் கற்சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் கணுக்காலைப் பார்த்துவிட்டு, "தெறக்காம வச்சிருந்தா தேங்கத்தானே செய்யும்" என்று சொல்லிச் சிரித்தார். அணையைச் சொன்னாரா, மாத்திரையைச் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை.

பதினோரு மணி ஆகியிருந்தது. செடிகளுக்கு நீர் விட்டுக்கொண்டிருந்த பெண்மணியை அம்மாவே கூப்பிட்டு, தமிழிலும் கைச்சாடையிலுமாகக் கழிவறை எங்கே என்று கேட்டார். அந்த அம்மாள் குழாயைக் கீழே வைத்துவிட்டு வந்து, கையைப் பிடித்து அழைத்துப் போனார். திரும்பி வந்த அம்மா, "சுத்தமாத்தான் வச்சிருக்காங்க. வா தம்பி, அறைக்குப் போயி மாத்திரையப் போடணும்" என்றார்.